இடது முன்கதவில் ஒரு பள்ளம்

என் காரின் இடது முன்கதவில் ஆறு வருடமாக ஒரு பள்ளம் இருந்தது. உள்ளங்கை அகலம், ஒரு விரல் ஆழம். வீட்டு இரும்புக் கேட் காற்றில் சாத்திக்கொண்டபோது இடித்துவிட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தேன். தெரு நம்பியது. முப்பத்து மூன்று வருடம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து, எந்தக் கடையிலும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்யும்?

கேட் இடிக்கவில்லை. நான் உதைத்தேன்.

என் மகளுக்குக் கார் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்த நாள் அது. வாசலில் வண்டியை அழகாக நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டுவிட்டு, "அப்பா, நான் ஒருத்தரைக் கட்டிக்கப் போறேன். டிங்கரிங் பட்டறை வச்சிருக்கார்" என்றாள். அடிபட்ட கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் பட்டறை. எங்கள் குடும்பத்தில் தலைமை ஆசிரியர் உண்டு, நீதிமன்ற எழுத்தர் உண்டு. சுத்தியல் பிடித்தவர் கிடையாது. நான் இறங்கினேன், கதவைச் சாத்தினேன், உதைத்தேன். அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் அவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். எந்த டிங்கரிங் பட்டறை வாசலையும் மிதிப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். அதனால் பள்ளம் அப்படியே இருந்தது.

ஆறு வருடம் கழித்து, வியாழக்கிழமை காலை ரயிலில் வருவதாக அம்மாவுக்குப் போன் செய்திருந்தாள்.

"நீங்கதான் கார் எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வரணும்" என்றாள் என் மனைவி.

"போறேன். நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்?"

"எந்தக் கதவைத் திறந்து உட்காருவா?"

நான் நாளிதழைப் பிரித்தேன்.

"உங்களைத்தான் கேக்கறேன். உங்க கால் தடத்தைத் தள்ளிக்கிட்டுத்தான் அவ உள்ள ஏறணுமா?"

பட்டறைக்குப் போக முடியாது. எனவே நானே செய்வது என்று இறங்கினேன். எங்களுடையது இருப்பதிலேயே மலிவான ரகச் சிவப்புக் கார். வாங்கிய நாளிலேயே அதற்கு வீல் கப் கிடையாது, பின் கண்ணாடிக்குத் துடைப்பான் கிடையாது. பழைய காரை வீட்டிலிருக்கும் மிச்சம் மீதிப் பொருட்களை வைத்தே மீட்டுவிடலாம் என்று செல்போன் வீடியோவில் ஒருவன் விளக்கிக்கொண்டிருந்தான். எனக்குப் பேரனாக இருக்கக்கூடிய வயது அவனுக்கு. அவன் பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுத்தேன்.

கார் கொட்டகைக்குப் படுக்கை விரிப்பால் திரை கட்டினேன். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், காருக்குப் பிரசவமா?" என்றார். நான் திரையை இழுத்துவிட்டேன்.

முதலில் முன்விளக்குகள். மஞ்சள் பூத்துக் கண் புரை விழுந்தது போல இருந்தன. பற்பசையைத் தடவி, பழைய பனியன் துணியால் வட்டமாகத் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் விளக்குகள் பச்சைக் குழந்தையின் கண்கள் மாதிரி ஆயின. வெளுத்துப் போன பின் பம்பருக்குக் கறுப்பு ஷூ பாலிஷ் போட்டு, என் அலுவலக ஷூவுக்குப் போட்ட அதே பிரஷால் பளபளப்பேற்றினேன். சக்கரங்களுக்கு வெள்ளி நிற ஸ்பிரே அடித்தேன். திரைச்சீலைத் துணியில் என் மனைவி இருக்கை உறை தைத்துக் கொடுத்தாள்.

கடைசியாகப் பள்ளம். கழிப்பறை அடைப்பெடுக்கும் ரப்பர் பம்ப் ஒன்று வாங்கினேன். புதிதாக வாங்கியது என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். கதவின் மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, ரப்பரை அழுத்தி அழுத்தி இழுத்தேன். பதினோராவது இழுப்பில் 'டப்' என்றது.

"ஐயோ, உடைஞ்சிருச்சா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"நிமிர்ந்திருச்சு."

பெயின்ட் உரிந்த இடத்தில் பூச, மகளின் அலமாரியிலிருந்து பழைய நகப்பூச்சுக் குப்பியை என் மனைவி எடுத்து வந்தாள். ஆச்சரியம், அதே சிவப்பு. பூசி முடித்துக் கை கழுவும்போதுதான் உறைத்தது. டிங்கரிங்காரர் வேலையை நான் செய்திருந்தேன். திரை கட்டிக்கொண்டு.

புதன்கிழமையோடு வண்டியின் தகுதிச் சான்று காலாவதியாகிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை வாகன அலுவலகத்தில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். திங்கட்கிழமை கம்பீரமாக ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே வண்டிகளைப் பார்ப்பவரை வரிசையில் நின்றவர்கள் டார்ச் சார் என்றார்கள். பட்டப் பகலிலும் அவர் கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

அவர் என் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கோப்பைப் பார்த்தார். மறுபடியும் சுற்றினார்.

"பள்ளம் எங்க சார்?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா?" என்றார், நான் என்ஜினையே கழற்றி விற்றுவிட்டது போல. "இங்க பாருங்க. போன தடவை பதிவு பண்ணின அங்க அடையாளங்கள். ஒண்ணு, இடது முன்கதவுல பள்ளம். ரெண்டு, முன்விளக்குல மஞ்சள். மூணு, பின் பம்பர்ல வெளுப்பு. இதுல ஒண்ணுகூட இந்த வண்டில இல்லையே?"

பள்ளிச் சான்றிதழில் வலது கன்னத்தில் மச்சம் என்று எழுதுவார்களே, அதைப் போல கார்களுக்கும் எழுதுகிறார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"என்ஜின் நம்பர் இருக்கு, சேசிஸ் நம்பர் இருக்கு" என்றேன்.

"நம்பரை யார் வேணாலும் அடிக்கலாம் சார். பள்ளத்தை அப்படி அடிச்சிட முடியுமா?"

"என் காருங்க. நான் அழகு பண்ணக் கூடாதா?"

"கார் உங்களோடது. அதை யாரும் இல்லைன்னு சொல்லலை. பள்ளம் ஆபீசோடது."

இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருந்தேன், என் வாயாலேயே. என் பணிக்காலத்தில் கிழங்கு விற்கும் பெண்மணி ஒருத்தி தன் எடைக்கல்லுக்குப் பச்சை பெயின்ட் அடித்து வைத்திருந்தாள். முத்திரை மறைந்துவிட்டது என்று பறிமுதல் செய்தேன். "அழகுக்குத்தான் சார் அடிச்சேன்" என்று அழுதாள். "அழகு உன் முகத்துக்குப் போதும். கல் சர்க்காரோடது" என்று சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வாக்கியத்தை ரொம்ப நாள் பெருமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பழைய அடையாளங்களை மீட்டுக் கொடுத்தால் விடுவிப்பார்களாம். இல்லையென்றால் அடையாளம் தெரியாத வாகனம் என்று உடைத்து இரும்புக்குப் போட்டுவிடுவார்களாம்.

அலுவலகத்துக்கு எதிரிலேயே அதற்கென்று ஒரு கடை இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட மஞ்சளும் அங்கீகரிக்கப்பட்ட வெளுப்பும் அங்கே கிடைத்தன. நான் பற்பசை போட்டுத் தேய்த்த விளக்குகளுக்குக் கடைக்காரர் பிரஷால் புரை பூசினார்.

"எந்த வருஷத்து மஞ்சள் வேணும் சார்? அஞ்சு வருஷமா, எட்டு வருஷமா?"

"அஞ்சு."

"நல்ல செலக்‌ஷன். எட்டு கொஞ்சம் ஓவரா இருக்கும்."

இரண்டு அடையாளங்கள் தேறின. பள்ளத்துக்கு மட்டும் கடைக்காரர் கையை விரித்தார். "அது எங்களால ஆகாது சார். அதே பொருளாலதான் போடணும். ரூல்."

போன தடவை பள்ளத்துக்குக் காரணம் எழுதி வாங்கியிருந்தார்கள். கோப்பில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'இரும்புக் கேட் பட்டதால்.'

"அப்ப கேட்டைக் கொண்டு வாங்க" என்றார் டார்ச் சார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, செவ்வாய்க்கிழமை காலை ஆள் வைத்துக் கேட்டைக் கழற்றினேன்.

குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் கேட்டைப் படுக்க வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்து, கடைத்தெரு வழியாகப் போனேன். நான் முத்திரை குத்திய தராசுகள் இருபக்கமும் இருந்தன. "சார், வீட்டைக் காலி பண்றீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "இல்லைய்யா, கேட்டுக்கு உடம்பு சரியில்லை போல" என்று இன்னொருவர் பதில் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து உட்காருவதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

அலுவலகத்தில் நான்கு பேர் கேட்டைத் தூக்கிக் கதவோடு வைத்துப் பார்த்தார்கள். நேராக, சாய்வாக, தலைகீழாக. கோப்பிலிருந்த புகைப்படத்தோடு ஒப்பிட்டார்கள். டார்ச் சார் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பள்ளத்தின் விளிம்பை வரைந்தார். வரைந்து முடித்ததும் அது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது.

"சார், உங்க கேட் ஷூ போடுமா?"

கேட்டுக்கு அன்றே நற்சான்று கொடுத்துவிட்டார்கள். 'மேற்படி கேட், மேற்படி பள்ளத்துக்குக் காரணமல்ல' என்று முத்திரையோடு. என்மீது பொய் வாக்குமூலக் குற்றச்சாட்டு. விசாரணை வியாழன் காலை பதினொரு மணி. நிரூபணமானால் வண்டி போகும். என் வாக்குமூலமும் அதன் பொய்யும் ஒரு மாதம் அறிவிப்புப் பலகையில் தொங்கும்.

"சம்பவம் நடந்தப்ப யாராவது கூட இருந்தாங்களா?"

அதிகாரி கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய். "என் மகள்" என்றது.

வியாழன் காலை, என் மனைவி ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனாள். நான் அலுவலக வராண்டாவில், இன்னும் ஏற்றிச் செல்லாத கேட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தே முக்காலுக்கு இருவரும் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். மகள் கொஞ்சம் பருத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். ஆறு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது:

"என்னப்பா, கேட்டெல்லாம் கொண்டு வந்திருக்கீங்க?"

"உங்கப்பா கௌரவத்தோட வந்திருக்கார்" என்றாள் என் மனைவி. "வர்ற வழியெல்லாம் சொன்னேன்ல."

வண்டி நிற்கும் இடத்திலேயே விசாரணை. தலைமை அலுவலர் நாற்காலி போட்டு, காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வண்டிகளோடு காத்திருந்த நாற்பது பேரும் வேலையில்லாமல் சுற்றி நின்றார்கள். அதில் பாதிப் பேர் வாடிக்கையாளரின் வண்டியைக் காட்ட வந்த பட்டறைக்காரர்கள். கையில் கிரீஸ்.

தலைமை அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தப் பொறுப்பில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு வண்டியைக்கூட நேர்ல பார்த்ததில்லை. பார்த்தா மனசு சாய்ஞ்சிரும். ரெக்கார்டு மட்டும்தான் பார்ப்பேன். ரெக்கார்டு தேயாது, துருப்பிடிக்காது, பற்பசை போட்டா பளபளக்காது. ஊர்ல ஓடுற வண்டியெல்லாம் நாளைக்குக் காணாமப் போனாலும் இந்த ஆபீஸ் ஒரு நாள்கூட நிக்காம நடக்கும். அதான் நிர்வாகம். சாட்சி வரலாம்."

மகள் முன்னால் போனாள்.

"இந்தப் பள்ளம் எப்படி வந்ததும்மா?"

"நான்தான் சார் உதைச்சேன்" என்றாள்.

கூட்டம் சலசலத்தது.

"வீட்ல ஒரு வாக்குவாதம். கோவத்துல உதைச்சிட்டேன். எங்கப்பா ரொம்பக் கௌரவமானவர் சார். பொம்பளைப் பிள்ளை வாசல்ல காலைத் தூக்கினான்னு எழுதிக் கொடுக்க வெக்கப்பட்டுக்கிட்டு கேட்னு எழுதிட்டார். அவர் மேல தப்பில்லை."

என் ஆயுளில் எத்தனையோ எடைகளை அளந்திருக்கிறேன். அந்த நேரம் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது எது என்று தெரிந்துதான் நின்றேன். அது நிம்மதி. பலகையில் என் பெயர் தொங்காது என்ற நிம்மதி. இதை எழுதவே கை கூசுகிறது. இரண்டு நிமிடம் அந்த நிம்மதியில் நின்றேன். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டார்ச் சார் தாளைக் கொண்டு வந்தார். மகளின் பாதத்தை அதன் மேல் வைக்கச் சொன்னார்.

"ரெண்டு இஞ்ச் குறையுது சார்."

"அப்ப ஷூ போட்டிருந்தேன்" என்றாள் மகள்.

"யாரோட ஷூ?"

"அப்பாவோடது. வாசல்ல கிடந்தது, மாட்டிக்கிட்டேன்." என் பக்கம் திரும்பினாள். குரலை இறக்கி, "அப்பா, ஷூவைக் கழட்டிக் குடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

நான் குனிந்து நாடாவை அவிழ்த்தேன். ஷூ பாலிஷ் புதிது. பம்பருக்குப் போட்டதில் மிச்சம். அதைக் கையில் எடுத்து என் மகளிடம் நீட்டப் போனவன், அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பெரிய மரியாதைக்குரிய பொருளை வாங்குவது போல நீட்டியிருந்தாள்.

"என் கால்" என்றேன்.

"என்ன சார்?"

"உதைச்சது என் கால். அவ ஸ்டீயரிங் பிடிச்சுக்கிட்டு உள்ள உட்கார்ந்திருந்தா."

ஷூவைத் தாளில் வைத்தார்கள். ஒரு நூல் பிசகவில்லை.

"காரணம்?" என்றார் தலைமை அலுவலர் திரும்பாமலே. "விதிப்படி, அதே கால், அதே விசை, அதே காரணம். மூணும் பொருந்தினாத்தான் மறு பள்ளம் செல்லும். காரணத்தைச் சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன். "என் மகள் டிங்கரிங் பட்டறைக்காரர் ஒருத்தரைக் கட்டிக்கப் போறதா சொன்னா."

கிரீஸ் கைகள் எல்லாம் அசையாமல் நின்றன. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கடைசியில் ஒரு பெரியவர், "சரி சார், அதுக்குக் கதவு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார். "நமக்கு வேலை குடுக்கத்தான்ணே" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உதைங்க" என்றார் டார்ச் சார்.

உதைத்தேன். தகரம் 'டப்' என்று உள்ளே போய் 'டப்' என்று வெளியே வந்துவிட்டது. மறுபடி உதைத்தேன். மறுபடியும் அப்படித்தான். டார்ச் சார் கதவைத் தடவிப் பார்த்தார்.

"ஆழம் பத்தாது. கோவம் வரலை சார் உங்களுக்கு."

"வயசாச்சுங்க."

"வயசுக்கு விதியில தளர்வு இல்லை."

மகள் கதவுக்குப் பக்கத்தில் வந்தாள். நகப்பூச்சுப் பூசிய இடத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து, "அப்பா, வேணும்னா அன்னிக்குச் சொன்னதை மறுபடி சொல்லட்டுமா? கோவம் வருதா பாருங்க" என்றாள்.

"சொல்லு."

"நான் ஒருத்தரைக் கட்டிக்கப் போறேன். டிங்கரிங் பட்டறை வச்சிருக்கார்." கொஞ்சம் நிறுத்தி, "நல்லவர்ப்பா" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை அன்றும் சொன்னாளா என்று எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பாள். நான் அதற்குள் இறங்கியிருப்பேன்.

காலைத் தூக்கினேன். ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் தடுமாறி, அந்தக் கதவையே பிடித்துக்கொண்டேன். நாற்பது பேர் முன்னால், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் காலுறையுமாக.

தலைமை அலுவலர் கோப்பில் வெகுநேரம் எழுதினார். பிறகு தீர்ப்பை வாசித்தார்.

"வாகனம் அதே வாகனம். விளக்கு, பம்பர், ஷூ அளவு மூலம் நிரூபணம். ஆனால் பதிவேட்டில் உள்ள பள்ளத்தைப் போட்டவரால் அதே பள்ளத்தைப் போட முடியவில்லை. ஆகவே இப்போது ஆஜராகியிருப்பவர் பதிவேட்டில் உள்ள உரிமையாளர் அல்ல என்று இந்த அலுவலகம் முடிவு செய்கிறது. பொய் வாக்குமூலம் அந்தப் பழைய உரிமையாளரைச் சேர்ந்தது; இவரைக் கட்டுப்படுத்தாது. பழைய உரிமையாளரிடமிருந்து இவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் வண்டியை விடுவிக்கலாம்."

"ரெண்டும் நான்தானே?" என்றேன்.

"அது உங்க சொந்த விஷயம்" என்றார்.

படிவம் கொடுத்தார்கள். ஒப்படைப்பவர் பெயர்: என் பெயர். பெறுபவர் பெயர்: என் பெயர். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: 'ஒப்படைப்பவரிடம் பெறுபவர் கண்ட குறைகள் ஏதேனும் இருப்பின் விவரிக்கவும்.' அதற்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

கதவு என்று ஆரம்பித்தேன். பிறகு கேட். பிறகு கிழங்கு விற்றவளின் பச்சைக் கல். பிறகு இன்று காலை நின்ற இரண்டு நிமிடம். வரி முடிந்துவிட்டது.

"கூடுதல் தாள் கிடைக்குமா?" என்று ஜன்னலில் கேட்டேன்.

"அதுக்குத் தனியா எழுதிக் குடுக்கணும் சார். எத்தனை தாள்?"

மகள் என் தோளுக்கு மேலாகப் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். மறைக்கலாம் என்று ஒரு கணம் கையை நகர்த்தினேன். பிறகு எடுத்துவிட்டேன்.

"எத்தனை தாள்னு நீயே சொல்லும்மா" என்றேன்.